பனி மாதத்தில் வீட்டு நாயை ராத்திரி வெளியே விடலாமா?

ஹட்டிப்பெண் (கோத்தகிரி பக்கம்)

எல்லாருக்கும் வணக்கம். கோத்தகிரியிலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், இருக்கிறோம். கொஞ்சம் தேயிலை, பள்ளத்தில் கேரட்டும் முட்டைக்கோசும். வீட்டில் மாமா, மாமி, நாங்கள், இரண்டு பிள்ளைகள். அப்புறம் கருப்பன் என்று ஒரு நாட்டு நாய், ஒரு பூனை, ஏழெட்டுக் கோழிகள்.

எங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரிய மழை. அது விட்டு வானம் வெளுத்ததும் பனி இறங்க ஆரம்பித்துவிடும். காற்றும் இல்லை, மேகமும் இல்லை என்றால் அன்றைக்கு ராத்திரி உறைபனி நிச்சயம். குளிர்காற்று கனமானது, அது சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதனால் மேட்டு வீடு தப்பிக்கும், பள்ளத்து வீட்டில் நாய்க்கு வைத்த தண்ணீர் மேல் கண்ணாடி மாதிரி ஏடு கட்டியிருக்கும். தேயிலைக் கொழுந்து வெயில் பட்டதும் கருகும் என்று தாவைச் செடியை அறுத்து மேலே மூடுகிறோம். இதெல்லாம் வருஷா வருஷம் உள்ளதுதான்.

இந்த வருஷம் பிரச்சினை கருப்பன். கீழ்த்தெருவில் வாசலில் சங்கிலியில் கட்டியிருந்த நாயைச் சிறுத்தை தூக்கிவிட்டது. காலையில் சங்கிலியும் அறுந்த கழுத்துப்பட்டையும்தான் கிடந்தன. அன்றிலிருந்து நான் கருப்பனை உள்ளே படுக்கவைக்க வேண்டும் என்கிறேன். மாமா முடியாது என்கிறார். "நாய் உள்ளே படுத்தால் வாசலை யார் பார்ப்பது?" என்பது அவர் கேள்வி. அதிலும் நியாயம் இருக்கிறது. விடியற்காலையில் கதவைத் திறந்தால் வாசலில் காட்டுமாடு நிற்கிற ஊர் இது. கருப்பன் குரைப்பதைக் கேட்டுத்தான் நாங்கள் வெளியே கால் வைக்கிறோம். மாமிக்கு வேறு கவலை. ஹெத்தையம்மன் பண்டிகை வருகிறது, விரத வீட்டுக்குள் நாய் புழங்கக் கூடாது என்கிறார்.

ஒன்று கவனித்திருக்கிறேன். காட்டுமாடு வந்தால் கருப்பன் நின்ற இடத்திலிருந்தே விடாமல் குரைப்பான். சிறுத்தை வந்தால் குரைக்கவே மாட்டான். மெல்ல முனகிக்கொண்டு கதவில் முதுகை ஒட்டி உட்கார்ந்துவிடுவான். அந்த முனகல் கேட்ட ராத்திரி எனக்குத் தூக்கம் வராது.

காட்டோரம் நாய் வளர்ப்பவர்கள் என்ன செய்கிறீர்கள்?

---

குன்னூர் மலைச்சாரல்

முதலில் சங்கிலியை எடுத்துவிடுங்கள். அவிழ்த்துவிட்ட நாயாவது ஓடிப்போய் திண்ணைக்கு அடியிலோ விறகுக் கட்டுக்குள்ளோ நுழைந்து தப்பிக்கும். கட்டிப்போட்ட நாய் சிறுத்தைக்கு எடுத்து வைத்த சாப்பாடு. எங்கள் தெருவில் போன நாய்கள் எல்லாமே கட்டிப்போட்டவைதான்.

எங்களுக்குச் சிறுத்தையைவிடக் கரடித் தொல்லை அதிகம். கோயில் விளக்கெண்ணெய்க்காகக் கதவை உடைக்கும். சத்துணவுக் கூடத்துக்குள் புகுந்து எண்ணெய், பருப்பு எல்லாவற்றையும் கொட்டிவிட்டுப் போகும். வீட்டில் நெய், எண்ணெய் வைத்த அறையின் ஜன்னலைச் சாயங்காலமே சாத்துங்கள். மீந்த சோற்றை ராத்திரி நாய்க்கு வைக்கிறீர்கள் என்றால் அது தின்று முடித்ததும் தட்டைக் கழுவி உள்ளே எடுத்து வையுங்கள். அந்த வாசனைக்குத்தான் முதலில் பன்றி வரும், அப்புறம் கரடி வரும்.

---

பழைய தோட்டக்காரர் (கூடலூர்)

அம்மா, உங்கள் மாமாவுக்காக ஒரு வார்த்தை பேசுகிறேன், நானும் அவர் வயதுக்காரன்தான். எங்கள் காலத்தில் ஒரு வீட்டுக்கு மூன்று நாலு நாய் இருக்கும். எல்லாம் வெளியேதான் படுக்கும். ஒன்று போனால் இன்னொன்று இருக்கும், யாரும் அழுததில்லை. இப்போது வீட்டுக்கு ஒரு நாய், அதற்குப் பிள்ளைகள் பெயர் வைத்து மடியில் போட்டு வளர்க்கிறார்கள். இழக்க மனசு வராதுதான்.

ஆனால் காவல் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். நாயைக் கூட்டிக்கொண்டு காலையில் தோட்டத்துக்குள் போகாதீர்கள். யானையோ கரடியோ எதிரில் இருந்தால் நாய் முதலில் ஓடிப்போய்க் குரைக்கும். அது திரும்பித் துரத்தியதும் நாய் நேராக நம் காலடிக்குத்தான் ஓடிவரும், பின்னாலேயே அதுவும் வரும். கூடலூர் பக்கம் இதனால் அடிபட்டவர்களை எனக்கு நேரில் தெரியும். நாய் காவல் என்பது வாசல் வரைக்கும்தான்.

---

ஹட்டிப்பெண்

ஐயா, இது மாமாவிடம் படித்துக் காட்ட வேண்டிய விஷயம். அவர் தினமும் கருப்பனைக் கூட்டிக்கொண்டுதான் தண்ணீர்க் குழாயைப் பார்க்கப் போகிறார்.

மலைச்சாரல் அண்ணா, சங்கிலியை இன்றைக்கே எடுத்துவிட்டேன். நாய்க்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரே அறையில் இடம் போட்டு, இரும்புச் சட்டியில் கரி நெருப்பு வைத்துக் கதவைச் சாத்திவிடலாம், எல்லாருக்கும் கதகதப்பாக இருக்கும் என்று மாமி ஒரு யோசனை சொன்னார். பண்டிகை தொடங்கும்வரை முன் அறையில். அதுவும் சரியாகத்தான் படுகிறது.

---

வெள்ளைச் சீருடை (கொடைக்கானல்)

வேண்டவே வேண்டாம். தயவுசெய்து இன்று ராத்திரியே மாமியிடம் சொல்லுங்கள்.

நான் செவிலியர். மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. புகை அடங்கித் தணல் மட்டும் இருக்கும்போதுதான் "இப்போது ஒன்றும் ஆகாது" என்று நினைத்துக் கதவைச் சாத்துவார்கள். ஆபத்தே அந்த நேரத்தில்தான். இரத்தத்தில் ஆக்சிஜன் ஒட்ட வேண்டிய இடத்தில் அது போய் ஒட்டிக்கொள்ளும், அதுவும் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் பிடிப்போடு. தலைவலி, குமட்டல், அசதி என்று தொடங்கி, தூக்கத்திலேயே நினைவு போய்விடும். மலையூர்களில் குளிர்காலத்தில் குடும்பத்தோடு இப்படிப் போனவர்கள் இருக்கிறார்கள். கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் வரும் சுற்றுலாக்காரர்களும் அறைக்குள் கரி அடுப்பு வைத்துச் செத்திருக்கிறார்கள்.

கணப்பு மூட்டுவது என்றால் திண்ணையில் எல்லாரும் உட்கார்ந்து காயுங்கள். படுக்கப் போகும்போது தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டுத் தணலை வெளியே கொட்டுங்கள். தூங்கும் அறைக்குக் கம்பளி போதும். வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிக் காலடியில் வையுங்கள்.

---

ஹட்டிப்பெண்

மாமியையே பக்கத்தில் உட்காரவைத்துப் படித்துக் காட்டினேன் அக்கா. நெருப்புச் சட்டி திண்ணையோடு சரி. ரொம்ப நன்றி.

---

டெல்டா சம்சாரி (மன்னார்குடி பக்கம்)

மலைக்கதை கேட்கக் கேட்க ஆசையாக இருக்கிறது. எங்கள் ஊரில் சிறுத்தையும் இல்லை, உறைபனியும் இல்லை. ஆனால் "தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்" என்று சொல்லிச் சொல்லியே தலையில் துண்டு கட்டிக்கொண்டு திரிகிறோம். மார்கழியில் வயல் பக்கம் எதிரில் வருகிற ஆள் தெரியாது, மாட்டுக் கழுத்து மணிச் சத்தம் கேட்டுத்தான் ஒதுங்க வேண்டும்.

நாய் பூனை பற்றிப் பேச்சு வந்ததால் எங்கள் பக்கத்து விஷயம் ஒன்று. சம்பா அறுப்பு தை, மாசியில். கதிர் முற்ற முற்ற எலி பெருகும். எலிக்குப் பின்னால் பாம்பு. கண்ணாடி விரியன் இணை சேருகிற பருவமும் இந்தப் பனிக்காலம்தான், அதனால் வரப்பிலும் வைக்கோல் போர் அடியிலும் நடமாட்டம் ஜாஸ்தி. எங்கள் வீட்டுப் பூனை போரை முறைத்துக்கொண்டு முதுகைத் தூக்கி நின்றால் அன்றைக்கு யாரும் அந்தப் பக்கம் கை வைப்பதில்லை. அம்மா குச்சியால் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் வைக்கோல் உருவுவார். விரியன் குக்கர் விசில் மாதிரி சீறும், அதைக் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள்.

எலிக்கு விஷம் வைப்பதை நாங்கள் நிறுத்திவிட்டோம். விஷம் தின்ற எலியைத் தின்று பக்கத்து வீட்டுப் பூனை செத்தது, வயலில் ஒரு கூகையும் செத்துக் கிடந்தது. இப்போது வயலில் அங்கங்கே குறுக்குக் கட்டை வைத்த கழி நட்டிருக்கிறோம். சாயங்காலம் இருட்டியதும் கூகை வந்து அதில் உட்காரும். தலையை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்க்கும், சத்தமே இல்லாமல் இறங்கும், காலில் எலியோடு எழும்பும். என் மகன் சாப்பாட்டை விட்டுவிட்டு அதைப் பார்க்க வரப்பில் போய் நிற்கிறான்.

---

கால்நடை வைத்தியர்

இழை நன்றாகப் போகிறது. என் பங்குக்கு மருத்துவப் பக்கம்.

காட்டோரம் இருக்கும் நாய்க்கு ஆண்டுதோறும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி கட்டாயம். அதோடு டிஸ்டெம்பர், பார்வோ என்ற வைரஸ் நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசியும் போடுங்கள். இது உங்கள் நாய்க்காக மட்டும் இல்லை. டிஸ்டெம்பர் நாயிலிருந்து காட்டு விலங்குக்கும் தாவும். 2018இல் குஜராத் கிர் காட்டில் சிங்கங்கள் கொத்தாகச் செத்தபோது இந்த வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது. நீலகிரியில் செந்நாய் இருக்கிறது, சிறுத்தை இருக்கிறது. ஊர் நாய்க்கு ஊசி போட்டால் அவற்றுக்கும் அது பாதுகாப்பு.

சிறுத்தை வாயில் விழுந்து தப்பி வரும் நாய்களைப் பார்த்திருக்கிறேன். கழுத்தில் சின்ன ஓட்டைதான் தெரியும், மஞ்சள் தடவி விட்டுவிடுவார்கள். பல் உள்ளே ஆழமாக இறங்கியிருக்கும், நாலு நாளில் சீழ் பிடித்துவிடும். காயம் சின்னதாகத் தெரிந்தாலும் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு வாருங்கள்.

குளிருக்கு வெறும் சாக்கு போதாது. சாக்கு பனியில் ஈரம் பிடிக்கும், நாய் ராத்திரி முழுக்க ஈரத்தில் கிடக்கும். தரையிலிருந்து கொஞ்சம் உயரத்தில் ஒரு பலகை, அதன்மேல் காய்ந்த வைக்கோல். வயதான நாய்க்கும் குட்டிக்கும் இது ரொம்ப முக்கியம்.

கோழி வைத்திருப்பவர்களுக்கு: பிப்ரவரியில் அரசு கால்நடைத் துறை ஊர் ஊராக வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்தும். இலவசம். தவறவிடாதீர்கள். வெயில் தொடங்கும்போதுதான் அந்த நோய் கூண்டோடு வாரிக்கொண்டு போகும்.

---

மலைமகன்77

எல்லாரும் சுற்றி வளைத்துப் பேசுகிறீர்கள். தோட்டத்து ஓரத்தில் கம்பிச் சுருக்கு வைத்தால் வேலை முடிந்தது. பன்றியும் வராது, சிறுத்தையும் வராது.

---

நெறியாளர்

சுருக்கு வைப்பது குற்றம். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் சிறுத்தை முதல் அட்டவணையில் இருக்கிறது, சிறைத் தண்டனை உண்டு. இந்தக் களத்தில் இப்படி யோசனை சொல்ல இடமில்லை. இன்னொரு முறை எழுதினால் பதிவு நீக்கப்படும்.

---

வால்பாறை டீச்சர்

நெறியாளருக்கு நன்றி. பன்றிக்கு வைத்த சுருக்கில் இடுப்பு மாட்டிய சிறுத்தையைத் தேயிலைத் தோட்டத்தில் பார்த்திருக்கிறேன். ஊரே கூடி நின்றது. மயக்க ஊசி போடுகிறவர்கள் வந்து சேருவதற்குள் அது தன்னையே கிழித்துக்கொண்டது. அதற்குமேல் எழுத எனக்கு மனசு இல்லை.

நாய் விஷயத்துக்கு வருகிறேன். மகாராஷ்டிரத்தில் அகோலே தாலுகாவில் கரும்புக்காட்டுச் சிறுத்தைகள் எதைத் தின்கின்றன என்று எச்சத்தை வைத்து ஆராய்ந்தார்கள். உணவின் எடையில் ஏறக்குறைய 40 சதவீதம் நாய். ஆக ஊருக்குள் தெருநாய் பெருகினால் சிறுத்தையும் தெருவுக்கு வரும். தெருநாய் பெருகுவதோ குப்பையால், குறிப்பாகக் கறிக்கடைக் கழிவால். நாயை உள்ளே வைப்பதும் தெருவைச் சுத்தமாக வைப்பதும் சேர்ந்து நடந்தால்தான் பலன்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால் எங்கள் மலையில் சிறுத்தை நாயோடு நின்றதில்லை, பிள்ளைகளையும் இழந்திருக்கிறோம். எங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: பொழுது சாய்ந்தபின் தனியாக வெளியே போகாதே, வீட்டைச் சுற்றிப் புதர் இருந்தால் அப்பாவிடம் சொல்லி வெட்டச் சொல், ராத்திரி வெளியே ஒதுங்கப் போனால் பெரியவர் ஒருவர் விளக்கோடு கூட வரட்டும், குனிந்து உட்காரும் இடத்தில் கட்டாயம் வெளிச்சம் இருக்கட்டும்.

யானை விஷயத்தில் எங்களுக்கு வழி கிடைத்தது. என்.சி.எஃப். என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் ஆய்வாளர்கள் 2011 வாக்கில், யானை எந்த எஸ்டேட்டில் நிற்கிறது என்று சாயங்காலமே கைப்பேசியில் குறுஞ்செய்தி அனுப்பும் ஏற்பாட்டைத் தொடங்கினார்கள். முக்கியமான இடங்களில் கம்பம் நட்டுச் சிவப்பு விளக்கும் வைத்தார்கள். விளக்கு எரிந்தால் பக்கத்தில் யானை, அந்த வழியில் போகக் கூடாது. யானையைத் துரத்தவில்லை, அது நிற்கும் இடத்தை நமக்குச் சொன்னார்கள், அவ்வளவுதான். யானை மிதித்துச் சாவது வெகுவாகக் குறைந்தது. உங்கள் ஹட்டியிலும் ஒரு வாட்ஸ்அப் குழு போட்டு, காட்டுமாடு எங்கே நிற்கிறது என்று காலையில் பார்த்தவர் பதிந்தால் போதும். கருப்பன் தலையில் இருக்கும் பாதிப் பொறுப்பு இறங்கிவிடும்.

---

குளத்தங்கரை (கூந்தன்குளம் பக்கம், நாங்குநேரி)

எங்கள் ஊரில் பனி என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. ஆனால் குளிர்காலம் என்றாலே பறவைதான். மணிமுத்தாறு தண்ணீர் வந்து குளம் நிறைந்தால் கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் குளத்து மரம் போதாமல் ஊருக்குள் வீட்டு வாசல் வேம்பிலேயே கூடு கட்டும். பட்டைத்தலை வாத்து இமயமலையைத் தாண்டி வந்து இறங்கும். 1994இல் சரணாலயமாக அறிவித்தார்கள், அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே ஊர்க்காரர்கள் காவல் காத்து வருகிறார்கள். தீபாவளிக்கு வெடி கிடையாது.

நாய் வளர்ப்பவர்களுக்கு இங்கே தலைகீழ்ப் பிரச்சினை. எங்கள் நாயைக் காட்டு விலங்கிடமிருந்து காப்பதில்லை, நாயிடமிருந்து குஞ்சைக் காக்கிறோம். நாரைக் குஞ்சு பறக்கும் வயசு வருவதற்குள் கூட்டிலிருந்து தவறி விழும். விழுந்த சத்தம் கேட்டதும் நாய்தான் முதலில் ஓடும். அதனால் குஞ்சு பொரிக்கும் மாதங்களில் எங்கள் வீட்டு நாயைப் பின்கட்டில் அடைத்துவிடுவோம். ஆச்சி மரத்தடியிலேயே கட்டில் போட்டு உட்கார்ந்திருப்பாள். அந்த வாடை வெளியூர்க்காரர்களுக்குத் தாங்காது, எச்சமும் மீன் செதிலுமாக முற்றம் வெள்ளை வெளேர் என்று கிடக்கும். அந்த எச்சம் கரைந்த குளத்துத் தண்ணீர் வயலுக்குப் பாய்ந்தால் வேறு உரம் தேடி அலைய வேண்டாம். பறவை வராத வருஷம் ஊருக்கு ஆகாது என்பாள் ஆச்சி, மழை இல்லாத வருஷம்தானே அது.

---

ஹட்டிப்பெண்

குளத்தங்கரை அண்ணா, ஆச்சியைக் கேட்டதாகச் சொல்லுங்கள். எங்கள் ஓடையிலும் புரட்டாசியிலேயே சாம்பல் வாலாட்டி வந்துவிடும். குழாயடியில் வாலை ஆட்டிக்கொண்டு என் மகள் கால் பக்கத்திலேயே பூச்சி பொறுக்கும். அது வந்தால் ஸ்வெட்டரை எடுக்கச் சொல்வார் மாமி.

இங்கே படித்த எல்லாவற்றையும் வீட்டில் பேசினோம். மாமா கடைசியில் சொன்ன கேள்வி: "உள்ளேயும் வேண்டாம், வெளியேயும் வேண்டாம் என்றால் எங்கே?" அதற்கு வீட்டுக்காரர் பதில் சொன்னார், வாசல் சுவரை ஒட்டியே கம்பிக் கூண்டு. கருப்பன் உள்ளே இருந்தபடி வாசலைப் பார்ப்பான், குரைப்பான், சிறுத்தை கைக்கு எட்டமாட்டான். மாமிக்கும் சம்மதம், வீட்டுக்குள் நாய் வரவில்லை. பண்டிகைக்கு வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு பேரகணி அம்மன் கோயிலுக்குக் கிளம்புவதற்குள் வேலையை முடித்துவிட வேண்டும் என்று மாமாவே வெல்டிங் கடைக்குப் போய்விட்டார்.

என்ன கம்பி போடுவது? கோழி வலை மீதி இருக்கிறது, அது தாங்குமா?

---

குன்னூர் மலைச்சாரல்

கோழி வலை தாங்காது, ஒரே அடியில் கிழிந்துவிடும். கட்டட வேலைக்குப் போடும் இரும்புக் கம்பியைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து வெல்டு செய்யச் சொல்லுங்கள். இடைவெளி பாதம் நுழையாத அளவு, இரண்டு அங்குலத்துக்கு மேல் வேண்டாம். மேலே கூரையும் கம்பியோடு மூடியிருக்க வேண்டும், சிறுத்தை மேலே ஏறும். மூன்று பக்கம் சுவர் அல்லது தகரம், ஒரு பக்கம் மட்டும் கம்பி. அப்போதுதான் நாய் பின்னால் போய் ஒண்டிக்கொள்ளும், சிறுத்தை சுற்றிச் சுற்றி வந்து பயமுறுத்த முடியாது. தரையைச் சிமெண்ட் போட்டு விடுங்கள், இல்லாவிட்டால் பன்றி தோண்டும். தாழ்ப்பாள் வெளிப்பக்கம், நீங்கள் ஜன்னலிலிருந்து கை நீட்டினால் எட்டும் இடத்தில்.

---

மலைமகன்77

சுருக்கு பற்றி எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். டீச்சர் எழுதியதைப் படித்தேன். எங்கள் வீட்டிலும் ஒரு நாய் இருக்கிறது. இந்தக் கூண்டுக்கு எவ்வளவு செலவாகும் என்று முடிந்ததும் எழுதுங்கள் சகோதரி.

---

பழைய தோட்டக்காரர்

இமாச்சல், உத்தராகண்ட் பக்கம் மேய்ப்பர்கள் நாய்க்கு முள் வைத்த இரும்புக் கழுத்துப்பட்டை போடுவார்கள். சிறுத்தை கழுத்தைத்தான் பிடிக்கும் என்பதால். பகலில் தோட்டத்தில் திரியும் நாய்க்கு அதுவும் நல்லது. ஆனால் பிள்ளைகள் கட்டிப்பிடிக்கும் நாய்க்கு வேண்டாம்.

---

ஹட்டிப்பெண்

பட்டை வேண்டாம் ஐயா, சின்னவள் அவனைக் கட்டிக்கொண்டுதான் திண்ணையில் உட்காருகிறாள்.

கூண்டு வந்துவிட்டது. கூரைக் கம்பிக்கு மேல் பழைய தகரம் போட்டோம், உள்ளே பலகை, வைக்கோல். முதல் ராத்திரி கருப்பன் உள்ளே போக மறுத்தான், மாமா தன் பழைய கம்பளித் துண்டை உள்ளே போட்டதும் போய்ப் படுத்துக்கொண்டான். நேற்று விடிகாலை நின்று நிதானமாகக் குரைத்தான், விளக்கைப் போட்டுப் பார்த்தால் முட்டைக்கோசில் இரண்டு காட்டுமாடு. டீச்சர் சொன்ன மாதிரி போட்ட வாட்ஸ்அப் குழுவில் பதிந்தேன், பள்ளத்துக்குக் கொழுந்து பறிக்கப் போக வேண்டியவர்கள் வெயில் ஏறும்வரை இருந்துவிட்டுப் போனார்கள்.

மலைமகன் அண்ணா, கம்பி பாதி எங்களிடமே இருந்தது. கடைக்காரர் கணக்குச் சீட்டு கொடுத்ததும் கம்பி, தகரம், கூலி தனித்தனியாகப் போட்டு இங்கேயே எழுதுகிறேன். கதவு அளவு வேண்டுமானால் இப்போதே சொல்கிறேன்: இரண்டடி அகலம், மூன்றடி உயரம். நாம் குனிந்து உள்ளே போய்ப் பெருக்க அது வேண்டும்.